வாழைமரம் கட்ட ஒரு வளையம்

சேற்றில் புதைந்த ஜீப்பை இழுத்தால் முதலில் வெளியே வருவது பம்பர்தான். நெய்வேலியில் மைன்ஸ் வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். மழை பிடித்துவிட்டால் சுரங்கத்துக்கு இறங்குகிற மண்பாதை களியாகக் குழைந்துவிடும். ஜீப் அச்சு முட்டும் அளவுக்கு உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து, கம்பிக் கயிற்றை பம்பரில் சுற்றி இழுப்பார்கள். ஜீப் அங்கேயே இருக்கும், பம்பர் மட்டும் கயிற்றோடு போகும்.

இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று கிளம்பியவன் பாலகுமார். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டுப் பிழைப்புக்காக வந்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் ஜெயராமன் நடத்திய வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொண்டவன். எதற்கெடுத்தாலும் பயம் அவனுக்கு. அறையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்புகிற ஆள். பயந்தவன் செய்கிற வேலையில் ஓட்டை குறைவாக இருக்கும் என்று ஜெயராமன் சொல்வார். அது உண்மைதான். எது பிய்யும், எது தெறிக்கும் என்று யோசித்து யோசித்தே அவன் அந்த பம்பரை வரைந்தான்.

வண்டியை முகத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, எலும்பைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அதனால் சேசிஸ் சட்டத்தின் இரண்டு முனையிலும் கனத்த தகட்டில் கொக்கி வெட்டி, போல்ட் போட்டு இறுக்கி, சிவப்பு பெயிண்ட் அடித்தான். முன்னால் தெரிகிற பம்பர் வெறும் முகம், மெல்லிய தகடு. மேடு ஏறும்போது மண்ணில் முட்டாமல் இருக்க அதன் இரண்டு மூலையையும் மேல்நோக்கிச் சீவிவிட்டான். ஆடி மாதம் ஒரு காண்ட்ராக்டர் தன்னுடைய எல்லா ஜீப்புக்கும் அதையே போடச் சொன்னார். முதல் மழையிலேயே இரண்டு வண்டி புதைந்தது. இரண்டும் கொக்கியைப் பிடித்து இழுத்த இழுப்பில் பல்லைப் பிடுங்கியது போல வெளியே வந்தன.

அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டியவன் அன்புமணி. ஊர் பேர் தெரியாமல் வந்த பாலகுமாருக்கு முதன்முதலில் சோறு போட்ட வீடு அன்புமணியின் வீடு. அவன் தங்கை சங்கீதா டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். தையில் அவளுக்கும் பாலகுமாருக்கும் கல்யாணம் என்று அன்புமணிதான் அம்மாவிடம் மல்லுக்கட்டிப் பேசி முடித்திருந்தான்.

ஆயுத பூஜை நெருங்கியது. டிரைவர்கள் பட்டறையில் வந்து நின்றார்கள்.

"யோவ் மாப்ள, வண்டி மூஞ்ச மொழுக்குன்னு பண்ணி வச்சிட்டியே, வாழமரத்த எங்க கட்றது? உன் கழுத்துலயா?" என்றான் அன்புமணி.

"சைடு கண்ணாடில கட்டுங்க மச்சான்."

"கட்னா கண்ணாடி கையோட வந்துடும். பழைய பம்பரு கொழா மாதிரி இருந்துச்சு, சுத்திக் கட்னோம்."

கூட வந்த குமரவேல், "வாழமரம் கட்டாத வண்டி ஒரு வண்டியாப்பா? ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு வளையம் வச்சி வுடு," என்றான்.

"வேணாம்ணே. அது வெறும் தகடு. வளையம் இருந்தா ஒரு நாளைக்கு யாராவது அதுல கயித்த மாட்டுவீங்க."

"எங்களுக்கு என்னா கண்ணு அவிஞ்சா பூடுச்சு? செவப்பா கொக்கி தெரிது இல்ல?"

பாலகுமார் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அன்று சாயங்காலம் சங்கீதா போன் பண்ணினாள்.

"எங்க அண்ணன் மூஞ்சத் தூக்கி வச்சிகினு ஒக்காந்துகினு இருக்குது. நீ சொன்னாதான் கேப்பாருன்னு என்னைய போட்டு பிடுங்குது. ஒரு வளையம்தானங்க? வச்சிக் குடுங்களேன். எனக்காவ."

அவள் அவனிடம் கேட்ட முதல் காரியம் அது. அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது என்பதாலேயே வேலை அசிங்கமாக இருக்கக் கூடாது என்று நினைத்தான். கட்டை விரல் மொத்தத்துக்குக் கம்பியை வளைத்து, சுற்றிலும் நிறைவாக வெல்டிங் ஓட்டினான். வளையம் யானையைக் கட்டலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த தகடு அப்படி இல்லை.

பூஜையன்று ஜீப்புகள் எல்லாம் இரண்டு பக்கமும் வாழைமரத்தோடு ஊர்வலம் போயின. அன்புமணி பாலகுமாரைத் தூக்கி பானட் மேல் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினான்.

கார்த்திகை மழையில் குமரவேலின் ஜீப் இறக்கத்தில் மூக்குக் குத்தி உட்கார்ந்தது. முன்பக்கம் பாதி சேற்றுக்குள். சிவப்புக் கொக்கி இரண்டும் களிக்கு அடியில் போய்விட்டன. அன்புமணி தன் ஜீப்பைக் கொண்டுவந்து எதிரே மேட்டில் நிறுத்தி, தன் பக்கத்துக் கயிற்றைச் சரியாக சிவப்புக் கொக்கியில்தான் மாட்டினான். அடுத்த முனையைக் குமரவேல் கையில் எடுத்துக்கொண்டு சேற்றுக்குள் துழாவினான். கொக்கி கைக்கு அகப்படவில்லை. கண்ணுக்கு நேராக, கைக்கு வாகாக, அவ்வளவு கெட்டியான வளையம் இருந்தது. மாட்டிவிட்டு, "இழுடா," என்று கத்தினான்.

அன்புமணி ரிவர்ஸ் எடுத்தான். தகடு கிழிந்து, வளையம் கயிற்றோடு பறந்து, அவன் ஜீப்பின் முன் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்த பாலகுமார், மீதி இருந்த ஜீப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வரவழைத்து, கிரைண்டரால் வளையங்களை அறுத்துப் போட்டான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ வேணாம் வேணாம்னு சொன்ன, நாங்கதான் கேக்கல," என்று குமரவேல் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதான். அந்த போனைப் பற்றி மட்டும் யாருக்கும் தெரியாது. அன்புமணிக்குத் தெரியும், அவன் இல்லை.

கருமாதி முடிந்து மாசம் போனது. அன்புமணியின் அம்மா கலியம்மாள் சொல்லியனுப்பினாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு கல்யாணம் நடந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் தள்ளிப்போகும், பங்குனியில் முடித்துவிடலாம் என்று.

அவன் போய்ப் பேசுவதற்கு முன்னால் சங்கீதா அவனை டவுன்ஷிப் பஸ் ஸ்டாப்புக்கு வரச்சொன்னாள். ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் இளைத்துப் போயிருந்தாள்.

"என்னால முடியாதுங்க," என்றாள்.

"எம்மேல கோவமா?"

"உங்க மேல என்னாங்க கோவம்? நீங்க முடியாதுன்னுதான் சொன்னீங்க. உங்களப் பாத்தாலே நான் பேசினது எனக்கே கேக்குது. 'எனக்காவ'ன்னு சொன்னன் பாருங்க, அது." நிறுத்தினாள். "தாலி கட்டிகினு தெனமும் அதக் கேட்டுகினு எப்பிடி இருக்கறது?"

"அது ஒன் தப்பு இல்ல சங்கீதா."

"தெரியும். தெரிஞ்சி என்னா பண்றது?"

ஒரு பஸ் வந்து நின்று, ஏற ஆளில்லாமல் போனது.

"அம்மாகிட்ட வேணாம்னு சொன்னா ஏன் ஏன்னு தொளைச்சி எடுக்கும். நான் ஒடைஞ்சி சொல்லிடுவன். நான்தான் கேட்டன்னு தெரிஞ்சா அது என்னைய எப்பிடிப் பாக்கும்? அதுக்கு இருக்கறது இனிமே நான் ஒருத்திதான்."

 எதற்கெடுத்தாலும் இரண்டு தடவை யோசிக்கிறவன் அன்று ஒரே தடவைதான் யோசித்தான்.

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கலியம்மாள் அவனுக்காகக் கறி எடுத்து வைத்திருந்தாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் கறி வேகிறது அன்றுதான்.

"வா மாப்ள. ஒக்காரு. கைய கழுவு. எம் புள்ள போனாலும் அவன் சொன்ன சொல்லு போவக்கூடாது. பங்குனில நல்ல நாளு இருக்குதாம்."

அவன் உட்காரவில்லை. "அத்தை, ஊர்ல அம்மா வேற எடம் பாத்துட்டாங்க. சொந்தத்துலயே. நானும் சரின்னுட்டேன்."

கலியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கிறதா வேண்டாமா என்பது போலப் பார்த்தாள். "என்னாப்பா வெளயாட்டு இது?"

"வெளையாட்டு இல்லை அத்தை."

"அத்தன்னு கூப்புடாத!" கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. "எம் புள்ளய பொதைச்ச மண்ணு கூட இன்னும் காயலடா. அவன் இருந்த வரிக்கும் மச்சான் மச்சான்னு இந்த வூட்டுலியே பழியா கெடந்த. அவன் போனதும் சொந்தம் ஞாபகம் வந்துடுச்சா? சோறு போட்ட கையில மண்ண அள்ளிப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?"

சங்கீதா உள்கதவோரம் வந்து நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பேசிவிடுவாளோ என்று அவன் பயந்தான். பேச மாட்டாளா என்றும் ஒரு மூலையில் இருந்தது.

"வுடும்மா," என்றாள் அவள் கடைசியாக. "போவட்டும்."

அவன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான். கலியம்மாள் தெரு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "பாருங்கடி இந்த நியாயத்த!" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்து வீட்டு அம்சவல்லி ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். இன்னும் நாலு பேர் கூடினார்கள். "தூ" என்று ஒரு குரல் கேட்டது. அவள் திட்டித் தீரட்டும் என்று பைக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

தெருவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஒருவரும் பார்க்கவில்லை. அவனும் அந்தப் பக்கம் திரும்பாமல் வண்டியை உதைத்தான்.