ஃபிரிட்ஜ் கவரின் கடைசி வரிசை

1

முடிவு சொல்லாமல் விடப்படும் கதை சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு. இந்தக் கதைக்கு முடிவு உண்டு. சொல்லப்போனால் முடிவுதான் முதலில் எழுதப்பட்டது. டிசம்பர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நாற்பது நிமிடத்தில், ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல். கல்லணையைத் தாண்டிக் காவிரி இறங்கிய நாளிலிருந்து இந்த டெல்டாவில் தொடங்கிய எல்லாவற்றையும் முடித்துக்காட்டிய ஒரே ஆள் இதை எழுதுகிறவன்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவன் பெயர் பரிதி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல், மூன்றாம் ஆண்டு. ‘நான்’ என்று எழுதினால் வீட்டில் படித்துவிட்டு “ஏன்டா இப்புடி எழுதுன” என்பார்கள். ‘பரிதி’ என்று எழுதினால் அது வேறு பரிதி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆகவே இனி பரிதி.

கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடலாம். பரிதியின் அக்கா கயல்விழி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுத்தபடி போனைப் பார்த்து, கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே கற்றுக்கொள்கிறாள். அதைக் கேலி செய்து ஒரு பக்கம் எழுதலாம் என்று பரிதி உட்கார்ந்தான். அவ்வளவுதான். உன்னதமான காரணம் எதுவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: “திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், சம்பாக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில்…” (வயலில் தொடங்கும் கதையை வயல் வைத்திருப்பவர்கள் படிப்பதில்லை. அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: “பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கயல்விழி ஒரு சின்னப் போர்வையைப்…” (அம்மாவின் கண்ணில் படக் கூடாத வாக்கியம். பாதியிலேயே நிறுத்தியாயிற்று.)

மூன்றாம் தொடக்கம்: “கயல்விழி ஃபிரிட்ஜ் கவர் பின்னிக்கொண்டிருந்தாள்.”

இது நிற்கும். பொய்தான், ஆனால் நிற்கும்.

விஷயம் இதுதான். குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. பிறந்ததும் பழைய வேட்டித் துணியில்தான் சுற்ற வேண்டும். பல வீடுகளில் இருக்கிற வழக்கம். இந்த வீட்டில் அதற்குக் காவல் அம்மா; பெயர் அம்சம். முதல் நாள் எலுமிச்சை நிற நூல்கண்டைக் கட்டிலில் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள்.

“இது என்ன கயலு?”

“ஃபிரிட்ஜ் கவர்மா.”

அம்மா நூலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அடுப்படியில் நின்ற ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஃபிரிட்ஜுக்குன்னா சரி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ஃபிரிட்ஜ் கவரைப் பற்றியே பேசினார்கள். அப்பா ரெத்தினம் வயலிலிருந்து வந்து, கால் கழுவி, ஃபிரிட்ஜின் தலையைச் சாண் போட்டு அளந்தார். “மூணு சாணு. இது ரெண்டுதான் இருக்கு பாப்பா. பத்தாது.” சார்ஜாவிலிருந்து வீடியோ காலில் வந்த அக்கா வீட்டுக்காரர் ராஜ்குமார் மாமாவுக்கும் காட்டப்பட்டது. “நம்ம வீட்டுல ஃபிரிட்ஜே இல்லயே,” என்றார் மாமா. பிறகு புரிந்துகொண்டு, திரையில் வேறெங்கோ பார்த்தபடி, “நல்ல கலரு,” என்றார்.

3

இனி தையல். கதை அதைப் பற்றியது என்று சொல்லியாயிற்று.

சாதாரணப் பின்னலில் ஊசியின் கொக்கியில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். அந்தக் கண்ணியை விட்டுவிட்டு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் பிரிந்து வந்துவிடும். கயல்விழிக்கு அது கைவந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் ‘பஃப்’ என்று ஒரு புதிய தையலுக்கு ஆசைப்பட்டாள். ஒரே இடத்தில் நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்து, கொக்கியில் ஒன்பது கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரே இழுப்பில் ஒன்பதின் வழியாகவும் கொக்கியை வெளியே எடுக்க வேண்டும். சரியாக வந்தால் உப்பிய ஒரு மொட்டு. தப்பினால் கொக்கி ஏழாவதிலோ எட்டாவதிலோ மாட்டிக்கொள்ளும்.

(ஒன்பது என்பதில் வாசகர் எதையும் தேட வேண்டாம். வீடியோவில் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

“எத்தன லூப்புக்கா?”

“பேசாத. ஆறு… ஏழு…”

“கயலு, சூப்பு ஆறிப்போவுது பாரு,” என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா.

“குடிச்சிட்டேம்மா. எட்டா, ஒம்பதா?”

“ஏழு,” என்றான் பரிதி, உதவும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல்.

அவள் உருவிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். “நீ காலேஜுக்குப் போயேன்டா.”

“லீவு. இந்த வேகத்துல போனா ஃபிரிட்ஜே ரிட்டயர் ஆயிடும்.”

பொங்கலுக்குள் அவளுக்குத் தையல் படிந்துவிட்டது. இருபது வரிசை, வரிசைக்கு இருபது மொட்டு. இன்னும் ஒரே வரிசை பாக்கி என்றபோது அம்மா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“முடிச்சிடாதம்மா. கடைசி வரிசைய மட்டும் விட்டு வையி. ஊசி அதுலயே கெடக்கட்டும்.”

“ஃபிரிட்ஜ் கவருதானம்மா,” என்றான் பரிதி.

“ஆமா. ஃபிரிட்ஜ் கவருக்குத்தான் சொல்றேன்.”

பரிதி இதைச் சும்மா விடுவானா. ‘முடிக்காமல் விடுவது எப்படி: ஒரு டெல்டா ஆய்வு’ என்று ஒரு கட்டுரை எழுதி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மாடிகளையும் பூசாத சுவர்களையும் சேர்த்து, தன் வீட்டு ஃபிரிட்ஜையும் அதில் நிறுத்தி, வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டான். அறுபத்திரண்டு பேர் சிரித்தார்கள்.

4

(இந்தப் பகுதி எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டது. அம்மாவை ஒரு சிரிப்புப் பாத்திரமாக நிறுத்த முடியுமா என்ற சந்தேகம் இங்கேதான் வந்தது.)

இரண்டு வருடத்துக்கு முன் கயல்விழிக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. அப்போது வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. ஆன்லைனில் வந்த தொட்டில் அட்டைப்பெட்டியோடு இன்னும் பரண்மேல் இருக்கிறது. ஏழு குட்டிச் சட்டைகள் தைக்கப்பட்டிருந்தன.

தைத்தது அம்மா.

சட்டைகள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. இதற்கு மேல் இந்தப் பகுதியில் ஒன்றும்

5

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கயல்விழி ஊசியைக் கண்ணியில் விட்டபடி துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு, “அம்மா,” என்றாள். ஒருமுறைதான் சொன்னாள். அடுப்படியிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

பக்கத்துவீட்டு ஹஸ்ஸான் அண்ணன் காரை வாசலில் நிறுத்தினார். அம்மா கட்டைப்பையில் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தாள். துண்டு, ஃபைல், ஃபிளாஸ்க். வயலிலிருந்து ஓடிவந்த அப்பா சேற்றுக்காலோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். “தம்பி, மடையத் தொறந்துவுட்டுட்டு வந்துட்டேன். போயி அடைச்சிட்டுப் பஸ்ஸப் புடிச்சு வந்துரு.”

கார் கிளம்பியது. பரிதி உள்ளே திரும்பினான். கட்டிலில் ஃபிரிட்ஜ் கவர் துள்ளிக்கொண்டிருந்தது.

இயற்பியல் மாணவனுக்கு அதைப் புரிந்துகொள்ள மூன்று நொடி ஆனது. துண்டுகளோடு நூல்கண்டும் கட்டைப்பைக்குள் போய், ஃபிளாஸ்குக்கு அடியில் இறுகிவிட்டது. நூலின் ஒரு முனை காரில், மறுமுனை கட்டிலில். நடுவே கூடம், வாசற்படி, முற்றம். ஊசி ஏற்கெனவே தெறித்துக் கட்டிலுக்கடியில் போயிருந்தது. மொட்டு மொட்டாக அவிழ்ந்துகொண்டிருந்தது. பரிதி பாய்ந்து நூலை மிதித்தான். வாசலுக்கு வெளியே எங்கோ அது அறுந்தது.

எண்ணிப் பார்த்தான். மூன்று வரிசை போயிருந்தது.

வயலுக்குப் போய் மடையை அடைத்தான். (இதைப் பதிவுசெய்ய வேண்டும். சொன்ன வேலையைச் செய்தான்.) திரும்பி வந்து சட்டையை மாட்டும்போது போனில் கயல்விழியின் மெசேஜ்.

“ஊசி லூப்லதான இருக்கு?”

அவன் கட்டிலைப் பார்த்தான். பிறகு தட்டினான்: “இருக்கு.”

“போட்டோ அனுப்பு.”

“போனு சார்ஜ்ல இருக்கு.”

“சார்ஜ்ல இருந்தா போட்டோ எடுக்க வராதாடா?”

அடுத்தது அம்மாவின் குரல்பதிவு. சுற்றிலும் ஆஸ்பத்திரிச் சத்தம். “தம்பி, அந்தத் துணிய மடிச்சுகிடிச்சு வச்சிடாத. அது இருந்தபடியே இருக்கட்டும். அக்கா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா. டாக்டரு பாக்கணும்னு உள்ள கூப்புடுறாங்க.”

6

இந்த இடத்தில் கதாநாயகன் என்ன செய்வான் என்பதில் எழுதுகிறவனுக்குத் தடுமாற்றம் உண்டு. ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது ஒரு வழி. பரிதியின் குணத்துக்கு அதுதான் பொருத்தம்.

பரிதி முற்றத்தில் குந்தி, ஈரமண்ணிலிருந்து நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

பிரிந்த நூல் நேராக இல்லை. மொட்டாக இருந்தபோது எப்படி வளைந்திருந்ததோ அப்படியே நெளிநெளியாக இருந்தது. பனியனில் துடைத்தான். கட்டிலுக்கடியில் புகுந்து ஊசியை எடுத்தான். வீடியோவைப் போட்டான். வெறும் இரண்டு கைகள் மட்டும் தெரியும் அந்த வீடியோ. சுற்று, நுழை, இழு. சுற்று, நுழை, இழு.

முதல் மொட்டுக்குப் பத்து நிமிடம். ஏழாவது கண்ணியில் கொக்கி மாட்டியது. உருவினான். எட்டாவதில் மாட்டியது. உருவினான். இடது கை ஆள்காட்டி விரலில் நூல் அறுத்துச் சிவந்தது. ஒன்பதையும் தாண்டிக் கொக்கி வெளியே வந்தபோது அவன் “ம்” என்றான். கேட்க யாரும் இல்லை.

“எங்கடா இருக்க?” அப்பா போனில்.

“பஸ்ஸு வரலப்பா.”

“மடைய அடைச்சியா?”

“அடைச்சிட்டேன். அக்கா?”

“உள்ளதான் வச்சிருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அம்மா கட்டைப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.”

பதினொன்றரைக்கு ஒரு வரிசை முடிந்தது. ஒரு மணிக்கு இரண்டு. பசி தெரியவில்லை. அக்கா எந்த இடத்தில் நிறுத்தினாளோ அந்த இடத்துக்குத் துணியைக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு முன் போன் அடிக்கக் கூடாது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்பதை அவன் நன்றாகவே அறிவான். இயற்பியலில் எழுபத்தெட்டு சதவீதம்.

அப்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது.

7

டிசம்பர் பதினான்கில் எழுதிய முடிவு. லேப்டாப்பில், ‘முடிவு’ என்ற பெயரிலேயே இருக்கிறது. குழந்தையின் எடை அதில் உண்டு, கிராம் வரைக்கும். பெயரும் வைத்தாயிற்று. ஃபிரிட்ஜ் கவரை விரித்துக் குழந்தையைக் கிடத்துகிறார்கள், “ஃபிரிட்ஜ் அழுவுது பாருங்க” என்கிறார் அப்பா, எல்லோரும் சிரிக்கிறார்கள். நல்ல வரி. அந்த வரிக்காகவே கதையை எழுதினான் என்றுகூடச் சொல்லலாம்.

அம்மா ஏழு சட்டை தைத்தாள். இவன் மொத்தக் குழந்தையையும் தைத்து முடித்து, சேமித்து வைத்திருந்தான்.

ஊசியைக் கீழே வைக்க முடியாது. ஒரு கையில் துணியைப் பிடித்தபடி, மறுகையின் ஒற்றை விரலால் லேப்டாப்பைத் திறந்தான். பரிதி நாத்திகன். ஆகவே எந்தப் பயமும் இன்றி, முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்களுக்காக, அந்தக் கோப்பை அழித்தான். பிறகு குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தான்.

(வேறு முடிவுகளும் யோசிக்கப்பட்டன.

முடிவு ஒன்று: போன் அடிக்கிறது, அப்பா சிரிக்கிறார், பின்னால் ஒரு அழுகைச் சத்த

முடிவு இரண்டு:

எண்ணையும் அடித்தாயிற்று.)

8

இரண்டு நாற்பது. மூன்றாம் வரிசையில் பத்தொன்பது மொட்டுகள் ஆகிவிட்டன. இவனுடையவை அக்காவுடையவை போல இல்லை. இறுகி, கொண்டைக்கடலை மாதிரி இருக்கின்றன. தூரத்திலிருந்து எடுத்தால் போட்டோவில் தெரியாது.

இருபதாவது மொட்டு. சுற்று, நுழை, இழு. கொக்கியில் ஒன்பது கண்ணிகள். ஒரே ஒரு இழுப்பு பாக்கி.

அவன் இழுக்கவில்லை.

ஊசியோடு துணியைக் கட்டிலில் மெதுவாகக் கிடத்தி, நூல் எதிலும் மாட்டாமல் சுருட்டிப் பக்கத்தில் வைத்து, போட்டோ எடுத்தான். “ஊசி அப்படியே இருக்கு,” என்று எழுதி அனுப்பினான். இப்போது அது பொய்யில்லை. ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அக்காவின் போன் அணைந்திருக்க வேண்டும், அல்லது அம்மாவின் மடியில் கட்டைப்பைக்குள் இருக்க வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்தான். ஊசி நழுவிவிடுமோ என்று தோன்றியது. கையில் எடுத்து வைத்துக்கொண்டான். அந்தக் கையை அசைக்காமல், இன்னொரு கையால் இவ்வளவையும் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் இதைப் படிக்கும்போது இங்கே விஷயம் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க, என்ன ஆச்சு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். யாராவது கேட்டால் இது ஃபிரிட்ஜ் கவரைப் பற்றிய கதை என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதைப் பற்றியும் இல்லை.

போன் அடிக்கிறது. அப்பா. எடுப்பதற்கு முன் நான் ஊசியை இன்னொரு கைக்கு மாற்றி, ஒன்பது கண்ணியும் இருக்கிறதா என்று எண்ணி