மில் வீட்டுக் குடிபூரல்

நெல் மில்லின் எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு சோபா கிடந்தது. பால் நிறச் சோபா, மூன்று பேர் படுத்துப் புரளலாம். இலட்சுமிப்பிள்ளை உள்ளே வந்ததும் அதைத்தான் கண்டாள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் வினாயகமூர்த்தி அதில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். அவள் உட்காரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள்.

"எஞ்சின் எங்க அண்ணன்?"

"அது துருப்பிடிச்சுக் கிடந்ததுகா. பழைய இரும்புக்காரன் ஏத்திக்கொண்டு போயிட்டான்."

நெல் குத்தும் ஹல்லர் மட்டும் தப்பியிருந்தது. அதைக் கழுவி, கறுப்பு மை பூசி, மூலையில் ஒரு மேடை கட்டி அதில் ஏற்றி, தலையில் ஒரு மின்விளக்கையும் வைத்திருந்தார்கள். நெல் கொட்டும் வாயில் பிளாஸ்டிக் பூக்கள். எஞ்சின் பட்டி சுற்றிய பெரிய இரும்புச் சில்லைப் படுக்கப் போட்டு மேலே கண்ணாடி பதித்தால் சாப்பாட்டு மேசை. அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இலண்டன் பக்கத்து நாட்டுப்புறங்களில் பழைய மில்லுகளை இப்படித்தான் வீடாக்குகிறார்களாம். சுவரின் பழமை குலையக் கூடாதாம். அதற்காகவே செங்கல்லைப் பூசாமல் விட்டிருக்கிறாராம்.

அவளுக்குக் காது இரைந்தது. வேலை முடியும்வரை வராதே, வந்து பார்த்தால் அசந்து போவாய் என்று அண்ணன் டெலிபோனில் சொல்லியிருந்தார். அசந்துதான் போனாள்.

தேற்றாத்தீவில் வாவிக்கரையோரம் நிற்கும் அந்த மில்லை அவளுடைய தாயின் தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினார். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மில், மறுபக்கம் வீடு. அக்கரையில், படுவான்கரை வயல் வட்டைகளில் வெட்டிய நெல் தோணியில் வாவியைக் கடந்து வந்து பின்வாசலால் இறங்கும். அரிசியாகி முன்வாசலால் வண்டியேறும். தொண்ணூறாம் ஆண்டு ஊர் ஓடியபோது அவர்களும் ஓடினார்கள். துவக்கு ஏந்திய ஆட்கள் வந்து மில்லில் குந்தினார்கள். ஒரு கூட்டம் போனால் மற்றக் கூட்டம். சமாதானம் என்று ரேடியோ சொன்ன பிறகுதான் கடைசிக் கூட்டமும் மண்மூட்டைகளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனது. அத்தனை காலமும் இலட்சுமிப்பிள்ளை கல்லடியில் யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்னறையில், புருசனோடும் மகள் கண்ணகையோடும், அடுப்பை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரியிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மில்லை எழுப்பப் போகிறேன் என்றதும் அவள் சந்தையில் கண்ட தேற்றாத்தீவுப் பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். வாற வெள்ளாமைக்கு நெல்லை வேறெங்கும் கொண்டு போகாதீங்க, நம்மட மில் ஓடும் என்று. இனி அவர்களுடைய முகத்தில் எப்படி முழிப்பது?

"இது என்ட வீடு," என்றாள்.

வினாயகமூர்த்தி சிரித்தார். அது பொறுமைசாலிகள் சிரிக்கும் சிரிப்பு. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

அவள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகிறது. தாயின் வீடு மகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போவான். அவளுக்குக் கலியாணம் நடந்த அன்று அம்மா ஊரைக் கூட்டி வைத்துத்தான் மில்லையும் வீட்டையும் அவளுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தான் வளவுக்குள் ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டு விலகினாள். மாப்பிள்ளைத் தோழனாக நின்று அதைக் கேட்டவர் இதே அண்ணன்தான்.

"எழுத்தில ஒண்டும் இல்லையே தங்கச்சி. அம்மா செத்தும் காணி உறுதி இன்னும் அவட பேரிலதான். கூரையே இல்லாமக் கிடந்தத நான்தானே எழுப்பினன்?"

"ஆம்புளைக்கு ஏது அண்ணன் வீடு? உங்கட பெண்சாதிக்கு, இமெல்டா மச்சாளுக்கு, டவுன்ல மாடி வீடு கிடக்கு. அதுதான் உங்கட வீடு. அங்க போய் சோபாவப் போடுங்க."

இது அந்தக் காலத்துக் கதை என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஏதோ நன்மை செய்வது போல, தாங்கள் வருசத்தில் ஒரு மாதம்தான் வந்து நிற்போம் என்றார். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

"நீ இடைக்கிடை வந்து கூட்டிப் பெருக்கி வை. பின்னால வேலைக்காரருக்கெண்டு ஒரு அறை போட்டிருக்கன். வந்தா அதில தங்கலாம்."

இலட்சுமிப்பிள்ளை திரும்பி நடந்தாள். வெளியே வந்து பஸ் பிடித்தாள். கல்லடிப் பாலம் வரும்வரை அவள் வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் புருசன் இளையதம்பி கதையை முழுக்கக் கேட்டார். சண்டை என்றால் பத்து வீடு தள்ளி நிற்கிற மனுசன். மச்சான் பிழையான ஆள் இல்லை, வெளிநாட்டில் இருந்து மூளை கொஞ்சம் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். அவளைச் சிரிக்க வைக்க வேறு முயன்றார்.

"எஞ்சின் போனா என்னகா? உன்ட வாயில நெல்லக் கொட்டினா அரிசி வேற தவிடு வேறயா வருமே."

அவள் சிரிக்கவில்லை. அன்று அவருக்குச் சோறும் போடவில்லை. மகள்தான் போட்டாள். அந்தக் கிழமை முழுக்க அவள் எதைத் தொட்டாலும் சத்தம் வந்தது. சட்டி, வாளி, கதவு. கூட்டிப் பெருக்கி வையாம். அவளுடைய வீட்டை அவளே கூட்டிப் பெருக்கி, வேலைக்காரரின் அறையில் படுத்து, பிள்ளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்களை அந்த அறை வாசலில் பாய் போட்டு இருத்துவதா? கண்ணகைக்கு என்று கொடுக்க இந்த உலகத்தில் அவளிடம் இருந்தது அந்தக் கூரை ஒன்றுதான்.

அடுத்த கிழமை அண்ணன் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொதி, முகத்தில் ஒரு சங்கடம். கத்தோலிக்கரான இமெல்டாவுக்காகப் பாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஊராரையும் கூப்பிட்டு முறைப்படி பால் காய்ச்சிக் குடிபூரல் செய்ய வேண்டும் என்று இவருக்கு ஆசை. படம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஊர்க் கோயிலை நடத்தும் வண்ணக்கர் கந்தப்போடியிடம் போய்க் கேட்டிருக்கிறார். கந்தப்போடியோ, அந்த வீடு எந்தத் தாய்வழிக் குடிக்குரியதோ அந்தக் குடிப் பெண் ஒருத்திதான் நிறைகுடம் கொண்டு போக வேணும், அல்லாட்டி ஊரில் ஒரு குருவியும் வராது என்று சொல்லிவிட்டார்.

"அந்தக் குடியில பொம்புளையெண்டு இப்ப நீதானே இருக்கிறாய் தங்கச்சி. ஒரு குடத்தக் கொண்டு வந்து வைச்சு, ஒரு பாலக் காய்ச்சித் தந்திற்றுப் போ. உனக்கொரு சீலையும் கொண்டு வந்திருக்கன்."

இளையதம்பி கதவோரம் போய் நின்றுகொண்டார். பொதி இப்போது பறக்கும் என்று நினைத்தார். இலட்சுமிப்பிள்ளை அண்ணனின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருசத்துக்குப் பிறகும் மனுசன் குடத்தை மறக்கவில்லை. மாவிலையை மறக்கவில்லை, தேங்காயை மறக்கவில்லை. குடத்தோடு முதலில் நுழைகிறவள் அந்த வீட்டுக்கு யார் ஆகிறாள் என்பதை மட்டும் மறந்துவிட்டார். அல்லது ஹல்லரைப் போல அதையும் கழுவி மை பூசி ஒரு மூலையில் வைக்கலாம் என்று நினைக்கிறார்.

"வாறன் அண்ணன்," என்றாள்.

அவர் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இளையதம்பி வாசல் படலைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். கோபம் ஆறிப்போச்சா என்று மெல்லக் கேட்டார். அவள் பெட்டியை இழுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

குடிபூரல் அன்று ஊர் திரண்டு வந்தது. அத்தனை வருசமும் கிட்டப் போகப் பயந்த கட்டிடத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள். இலட்சுமிப்பிள்ளை அண்ணன் கொடுத்த சீலையை உடுக்கவில்லை, தன்னுடைய பழைய கூறைச் சீலையை உடுத்தியிருந்தாள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து, வலக்காலை எடுத்து வைத்து முதலாவதாக உள்ளே போனாள். பின்னால் கண்ணகை விளக்கோடு போனாள். படம் எடுக்கிறவன் இன்னொரு தரம் நுழையச் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கமராவைத் தாழ்த்திக்கொண்டான்.

பாலைக் குசினியில் காஸ் அடுப்பில் காய்ச்சலாம் என்றார் அண்ணன். அவள் கேட்கவில்லை. சோபாவைத் தள்ளச் சொல்லி, மண்டபத்தின் நடுவில் மணல் பரப்பி, மூன்று கல் வைத்து, விறகு மூட்டினாள். பூசாத செங்கல் சுவரில் புகை ஏறியது. இமெல்டா இருமினாள். பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் குரவை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்தது. வெற்றிலையும் முடிந்தது. சனம் கலைய எழும்பும் நேரம் பார்த்து இளையதம்பி தலையைக் குனிந்தபடி ஓட்டோவிலிருந்து பெட்டி, பாய், தலையணை, இரண்டு சட்டி எல்லாவற்றையும் கொண்டு வந்து இறக்கினார். வினாயகமூர்த்தி முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி?"

"பால் காய்ச்சினவ வீட்டை விட்டுட்டுப் போகக் கூடாது அண்ணன். நான் வந்திட்டன். நீங்க எப்ப வெளிக்கிடுறீங்க?"

அவருடைய முகம் வெளுத்தது. கந்தப்போடியைப் பார்த்தார். கந்தப்போடி, முறை அதுதான் தம்பி, தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார். எழும்பிய சனமும் உட்கார்ந்தது. பிறகுதான் வினாயகமூர்த்திக்குக் கோபம் வந்தது. இது பகல் கொள்ளை என்றார். பொலிசுக்குப் போவேன் என்றார்.

"போங்க," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. அவள் சத்தம் போடவில்லை. "போய்ச் சொல்லுங்க. நான்தான் கல்லடிக்குப் போய்க் கூப்பிட்டன், நான்தான் குடத்தக் குடுத்தன், ஊரக் கூட்டி வைச்சு நான்தான் இவள வீட்டுக்காரியாக்கினன் எண்டு சொல்லுங்க. படமும் இருக்குத்தானே, அதையும் காட்டுங்க. என்ட வீட்டில எனக்கு வேலைக்காரர்ர அறை காட்டின நீங்க, அம்மா சொல்லேக்க எங்க பாத்துக்கொண்டு நிண்டீங்க?"

ஊர்ப் பெண்களில் யாரோ, பெண்சாதி வீட்டில் இடமில்லையாக்கும் என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. இமெல்டா எழும்பினாள். அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். சீதனமாக வந்த தன்னுடைய மாடி வீட்டில் புருசனின் தங்கச்சி வந்து சோபா போட்டால் தான் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். கைப்பையை எடுத்து, "வாங்க, எங்கட வீட்ட போவம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் நின்ற வானில் போய் ஏறினாள்.

வினாயகமூர்த்தியும் ஏறினார். வானைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, தண்ணித் தாங்கியின் மோட்டரை நிறைந்ததும் நிற்பாட்ட வேணும், இல்லாவிட்டால் எரிந்துவிடும் என்று கத்தினார். குரல் அழுவதுபோல இருந்தது. செங்கல்லில் ஈரம் படக்கூடாது என்றும் சொன்னார். தகராறு இதோடு முடியாது, சட்டத்தரணியோடு வருவேன் என்றும் சொன்னார்.

இலட்சுமிப்பிள்ளை வாசல் படலையடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை. வீடு கிடைத்தால் ஆறிவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். நெஞ்சுக்குள் அது அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது.

"படலையச் சாத்துங்க," என்றாள் புருசனிடம்.