பூச்சி தின்ற பெயர்

பெண் பாட வேண்டிய பாட்டை ஒரு ஆண் ஏன் பாடினான்? இந்தக் கேள்வி பல வருஷமாகக் கடிகாரக்காரரை விடாமல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி பிறந்த இடம் ஒரு இசைத்தட்டு. பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி நிறைய வாங்கியதில் இதுவும் வந்தது. பெட்டி முழுக்க இத்தாலிய ஓபரா, எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் பாடியவை. ஓபரா என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி சொல்லிவிடுவாள்: "நாடகம்தான். ஆனா பேசவே மாட்டாங்க. கத்தியால குத்துப்பட்டவன்கூட பாடி முடிச்சிட்டுத்தான் சாவான்."

அந்தத் தட்டில் இருந்தது ஒரு வாலிபன் தன் காதலியைத் தேடிப் பாடும் பாட்டு. ஆனால் அந்த வாலிபன் வேடத்தை நாடகத்தில் எப்போதும் ஒரு பெண்தான் போடுவாள். கனத்த குரல் உள்ள பெண்ணுக்காகவே எழுதின பாட்டு அது. இந்தத் தட்டிலோ ஒரு ஆண் பாடியிருந்தார். மெல்லிய, கொஞ்சம் சோகமான ஆண் குரல். யார் என்று பார்க்கலாம் என்றால், நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாடகர் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. பாட்டின் பெயரை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"பூச்சிக்கும் ரசனை இருக்கு" என்றாள் மனைவி.

கடிகாரக்காரர் விடவில்லை. யோசித்தார், படித்தார், கடைசியில் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். 'பெண்ணின் பாட்டைப் பறித்த ஆண்' என்று தலைப்பு. நூலக மாடியில் கூடும் இசை ரசிகர் சங்கம் அதைப் படிக்கச் சொல்லி அவரை அழைத்திருந்தது. ஞாயிறு சாயங்காலம் கூட்டம். இசைக் கல்லூரிப் பேராசிரியர் வருகிறார். ஆயுசு முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு குனிந்தே வேலை பார்த்த மனுஷனுக்கு முதல் மேடை. மேலுக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் செருப்புக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்தாலே தெரிந்தது.

மருமகளும் அந்தப் பாட்டோடு பழகியவள்தான். கிராமபோன் இருந்த அறையிலேயே ஜன்னல் ஓரம் அவளுடைய தையல் மிஷின். சட்டைக் கழுத்துப் பட்டை தைத்து ஒரு கடைக்குக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். "வாயில நூலை வச்சுக்கிட்டே பழகிட்டா, அதான்" என்பாள் மாமியார். தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, அந்தப் பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவர் சுலபத்தில் மூச்சு வாங்கமாட்டார். "என்ன நெஞ்சுடா இது, துருத்தி மாதிரி!" என்று மாமனார் ஒவ்வொரு தடவையும் வியப்பார்.

பாட்டுக்கு முன்னால் இன்னொரு குரலும் உண்டு. அந்தக் காலத்துத் தட்டுகளில் ஒரு ஆள் முதலில் வந்து பாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொல்லிவிட்டுப் போவார். இந்தத் தட்டில் அந்த ஆள் ஒவ்வொரு வார்த்தையையும் ஜவ்வு மாதிரி இழுப்பார். வீட்டில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

சனிக்கிழமை கடிகாரக்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மறுநாள் மேடை ஏறப்போகிற கிராமபோனைத் துடைத்து வைக்கலாம் என்று மருமகள் துணியோடு உட்கார்ந்தாள். மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். தட்டு சுற்றுகிற இடத்தின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகாணியையும் அழுத்தித் துடைத்தாள். அது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி என்பது அவளுக்குத் தெரியாது. துடைத்ததில் அது நகர்ந்ததும் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று சாவி கொடுத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கினாள்.

தூங்குமூஞ்சி பளிச்சென்று பேசினார். காலையில் கடை திறந்தவுடன் முதல் கிராக்கியைக் கூப்பிடுகிற வியாபாரி மாதிரி.

அடுத்து ஒரு பெண் பாடினாள்.

மருமகள் ஊசியைத் தூக்கிவிட்டாள். போச்சு, உடைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தாள். "யாருடி பாடினது?"

"நான் ஒண்ணும் பண்ணலை அத்தை. துடைச்சேன், அவ்வளவுதான்."

"எதையோ திருகிட்டே. சரி, இன்னொரு தடவை போடு, கேப்போம்."

போட்டார்கள். திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் போனால் பெண். மறுபக்கம் வந்தால் பழைய ஆள். நடுவில் ஓர் இடத்தில் ரெண்டுங்கெட்டான். மாமியாருக்கு அது பிடித்துப்போய், "அங்கேயே வை, அங்கேயே வை" என்று சிரித்தாள்.

மருமகள் சிரிக்கவில்லை. இரண்டில் எது நிஜம்? பாடகர் இழுக்கிற ஓர் அடியோடு சேர்ந்து தன் மூச்சையும் பிடித்துப் பார்த்தாள். பழைய வேகத்தில் பாதியிலேயே திணறியது. புது வேகத்தில் அடி முடிகிற இடத்தில் மூச்சும் சரியாக முடிந்தது. கூட வாசிக்கிற வயலின், இத்தனை நாள் குடத்துக்குள் உட்கார்ந்து அழுததுபோல இருந்தது, இப்போது வெளியே வந்துவிட்டது.

"அத்தை... இது பொம்பளைதான்."

மாமியாரின் சிரிப்பு நின்றது. "அப்ப நாளைக்கு?"

இருவரும் மேஜைமேல் இருந்த கட்டுரையைப் பார்த்தார்கள். தலைப்பிலேயே அந்த ஆண் உட்கார்ந்திருந்தான்.

"திருப்பி வச்சுடு" என்றாள் மாமியார் மெதுவாக. "ஒரு நாள் கூத்து. ஆசையா எழுதியிருக்காரு. பேசிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"பேராசிரியர் வர்றாரே அத்தை. அவர் கண்டுபிடிச்சுட்டா? அத்தனை பேர் முன்னாடி மாமாவுக்கு..."

"அதுக்கு? நீ சொல்வியா அவர்கிட்ட?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் அடுப்படிக்குள் மறைந்துவிட்டாள். புதிதாக முடிவெட்டிய தலையோடு, சோப்பு வாசனையோடு மாமனார் உள்ளே வந்தார். சொல்வதற்குப் பதிலாக மருமகள் திருகாணியைப் பெண் குரல் பக்கம் வைத்துத் தட்டைச் சுற்றவிட்டாள். ஊசியை இறக்கினாள்.

அவர் நின்றபடியே கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தைத் தட்டின் அடியில் செருகி, அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். "திருகாணி நகர்ந்திருக்கும்மா. தட்டுன்னா நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்து. இது எங்கேயோ ஓடுது." சரியாக எழுபத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய ஆள் திரும்பி வந்தார். "பாத்தியா?"

"தூங்குமூஞ்சி முழிச்சுக்கிட்டாரு மாமா" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"வேகமா வச்சா அவரு நம்மள மாதிரி பேசறாரு."

அவர் சிரித்தார். சிரித்தபடியே திருகாணியைத் திருப்பி, அறிவிப்பை மட்டும் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாத் தட்டும் ஒரே வேகம்தான்மா. கடிகாரம்னா ஒரே ஓட்டம்தான் சரி."

"எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே கடிகாரத்தையா மாமா வச்சிருந்தான்?"

வாயாடியாக இருந்தால் அவர் பதிலுக்குப் பேசியிருப்பார். பேசாதவள் கேட்டதால் யோசித்தார். இரண்டு கடிகாரத்தை ஒன்றுபோல ஓடவைப்பது எத்தனை பாடு என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆரம்ப காலத்துக் கம்பெனிக்காரன் அவனவன் இஷ்டத்துக்குச் சுற்றவிட்டான் என்று எங்கேயோ படித்ததும் ஞாபகம் வந்தது. படித்தபோது, ஒழுங்கில்லாதவன் எவனோ எழுதினது என்று பக்கத்தைத் திருப்பியிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாடு எடுத்துவைத்துக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"யாரு போயிட்டாங்கன்னு இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பழகின ஆளு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டுரையை எடுத்துக்கொண்டார். ஒரு வரியும் திருத்தின மாதிரி தெரியவில்லை. சாவி கொடுக்க மருமகளையும் கூட்டிப்போனார். மாடிக்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் வரிசையில் பேராசிரியர், பக்கத்தில் மருந்துக் கடைக்காரர்.

மாமனார் எழுதியதை எழுதியபடியே படித்தார். பெண்ணின் பாட்டை ஓர் ஆண் பறித்தான் என்றார். தட்டைப் பழைய வேகத்தில் போட்டார். கூடம் சொக்கியது. பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார். மறைக்கப்போகிறார் என்று மருமகள் நினைத்தாள். அவர் தன் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பந்தயத்துக்காகப் பாடியிருக்கலாம். பாட வேண்டியவளுக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். பாட்டின்மேல் பித்தாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு காகிதத்தை மடித்து வைத்தார்.

"இது எல்லாம் நான் வருஷக்கணக்கா யோசிச்சது. எல்லாம் தப்பு. தட்டு இன்னொரு தடவை ஓடும். இந்தப் பாடகரை உங்க முன்னாடியே வழியனுப்பப் போறேன். மன்னிச்சுக்குங்க."

பாட்டு பாதியில் இருக்கும்போது திருகாணியில் கை வைத்தார். குரல் படி ஏறுவதுபோல ஏறியது. ஆண் கரைந்தார். கனத்த, நிதானமான பெண் குரல் ஒன்று காதலியைத் தேடத் தொடங்கியது.

மருந்துக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இத்தனை வருஷமும் ஒரு பொம்பளையைத்தான் ஆம்பளைன்னு கொண்டாடிட்டு இருந்தீங்களா?"

கூடம் சிரித்தது. புதிதாக முடிவெட்டிய தலையில் மாமனாரின் காது சிவந்ததை மருமகள் பார்த்தாள்.

"ஆமா" என்றார் அவர்.

பேராசிரியர் எழுந்தார். சிரிக்கவில்லை. "நானும்தானே இப்பத் தலையாட்டினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? வீட்ல துடைச்சாங்க." அதற்கும் சிரிப்பு எழுந்தது, ஆனால் குத்துகிற சிரிப்பாக இல்லை.

"அப்ப இந்த அம்மா யாரு?"

"தெரியாது. நேத்துதான் எங்க வீட்டுக்கு வந்தாங்க."

அப்புறம் அது கூட்டமாகவே இல்லை. எல்லாரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். பூச்சி விட்டுவைத்த காகிதத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வெளிச்சத்தில் பிடித்தார்கள். மருந்துக் கடைக்காரர் தன் வீட்டில் இருக்கும் ஒரு பாடகர் மேல் இப்போதே சந்தேகம் வந்துவிட்டது என்றார். "அவர் ரொம்ப நாளா கரடி மாதிரி பாடிட்டிருக்காரு" என்று கவலைப்பட்டார். மருமகள் கேட்பவர்களுக்கெல்லாம் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது கிராமபோனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தெருமுனை வந்ததும் மாமனார் கேட்டார்.

"அவனும் நல்லாத்தான் பாடினான், இல்லம்மா?"

"நல்லாத்தான் பாடினாரு மாமா."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். அவர் சட்டென்று நின்றார். பெட்டி ஆடியது.

"அவன் இழுத்துப் பாடினதை இவ சுருக்கா முடிச்சிடறா, பாத்தியா. தட்டுல காகிதத்துக்கு முன்னாடி எப்பவும் கொஞ்சம் இடம் சும்மாத்தான் கிடக்கு, அவன் இழுத்துப் பாடினப்ப எனக்கு அது உறைக்கலை. இன்னொரு அடி பாடியிருக்கலாமே. ஏன் பாடலை?"

மருமகள் அதை இதுவரை யோசித்ததில்லை. பெட்டியின் தன் பக்கத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு யோசிக்கத் தொடங்கினாள்.