மூன்று இழை சரிகை

பட்டனை அழுத்தியதும் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. சங்கீதா மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அரைச் சுற்று. பக்கத்தில் நின்ற குமரகுரு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். என் பெண்டாட்டி தன் கையாலேயே கம்ப்யூட்டர் கட்டுகிறாள் என்று ஒரு வாரமாகத் தெரு முழுக்கத் தமுக்கடித்தவன் அவன்தான்.

அவள் ஒன்றும் விளையாட்டுக்குக் கட்டவில்லை. ஆறு வருஷம் ஒரு டிசைன் ஆபீஸில் உட்கார்ந்து பட்டுச்சேலைக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுத்தவள், இனி வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று போன மாதம் வேலையை விட்டிருந்தாள். காந்தி ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் அவளை நம்பி முதல் டிசைன் வேலையைக் கொடுத்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குள் டிசைன் கைக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் பழைய ஆபீஸுக்கே கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். இப்போது மணி பகல் ஒன்றரை.

குமரகுருவின் அண்ணன் தேவேந்திரன் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. கடையில் ரெடியாக விற்பதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்த் துண்டு துண்டாக வாங்கி வந்தால் இப்படித்தான் ஆகும் என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கீதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரண்டை அணைத்தாள், ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள், ஒவ்வொன்றாகத் தொடங்கினாள். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி ஒரு கம்பித்துண்டை வைத்து ஓட்டிப் பார்த்தாள். நன்றாகவே ஓடியது. நோட்டில் ஒரு டிக். முன்பக்கப் பட்டன் கெட்டிருக்குமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் நேராகவே தொட்டுப் பார்த்தாள். அதே அரைச் சுற்று. ராம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றினாள், இடம் மாற்றினாள், இல்லாமலும் பார்த்தாள். பட்டு நெய்கிற குமரகுருவுக்குத் தறியில் ஓர் இழை அறுந்தால் முதலில் கோபம் வரும், அப்புறம்தான் கை வேலை செய்யும். இவளுக்குக் கோபமே வரவில்லை. எட்டு வருஷமாகக் கூடவே வாழ்கிறோம், இவளிடம் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு இருந்தது.

மூன்று மணிக்கு அவள் நோட்டை மூடினாள்.

"மதர்போர்டுதான் போயிருக்குது மாமா," என்றாள் தேவேந்திரனிடம். "நான்தான் எங்கியோ தப்பா மாட்டிட்டேன்."

போர்டை மாற்றி வாங்க நாலு நாளாகும். தேவேந்திரன் குத்திக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பரவால்லம்மா, பழக்கமில்லாத வேலைதானே என்று இரக்கப்பட்டுவிட்டு, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த இரக்கத்தில்தான் சங்கீதாவின் முகம் வாடியது.

"போர்டுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ வுழுந்து தொட்டுக்கினு இருந்தாலும் இப்படித்தான் ஆவும்," என்றாள் தனக்குத்தானே. "ஆனா ஒண்ணொண்ணா எண்ணித்தானே போட்டேன்."

"ஸ்க்ரூதான்னு இல்ல," என்று குமரகுரு மெல்லக் கேட்டான். "வேற எதுனா இருந்தா?"

"கரண்ட் பாயற எதுவா இருந்தாலும் அப்படித்தாங்க."

அவன் பார்வை போர்டுக்கு அடியில் போய் நின்றது. அந்த வீட்டில் புதுத் தறியோ புதுச் சைக்கிளோ தொட்டிலோ, மூன்று இழை சரிகை கட்டாமல் எதையும் தொடங்கியதில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் கூடாது என்று சங்கீதா முதலிலேயே கண்டித்திருந்தாள். சரிகையை அவள் சொல்லவில்லையே! நேற்று அவள் சாப்பிடப் போன நேரத்தில், போர்டு உட்காருவதற்காகப் பெட்டிக்குள் முடுக்கியிருந்த சின்னப் பித்தளைக் கால் ஒன்றில் அவன் மூன்று இழையைப் பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டான். பித்தளை மேல், பொன் முலாம் பூசிய வெள்ளிக் கம்பி ஓடும் அசல் சரிகை. அவள் கண்ணுக்கே தப்பிவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் பழி போர்டோடு போய்விடும். ஆனால் நான்தான் தப்பு செய்தேன் என்று கூசாமல் சொன்னவள் எதிரில் நின்றுகொண்டு அதைச் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டான்.

சங்கீதா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்பது ஸ்க்ரூவையும் கழற்றி போர்டைத் தூக்கினாள். முடிச்சின் நுனி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அது தொட்ட இடத்தில் போர்டின் அடியில் கடுகளவு கருப்பு. கத்தரியால் முடிச்சை வெட்டி, சரிகையைச் சுற்றவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பட்டனை அழுத்தினாள். விசிறி நிற்காமல் சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. குமரகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் தேவேந்திரன் மெக்கானிக் சிட்டிபாபுவோடு வந்து சேர்ந்தார். ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்ன கோளாறு என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றாள் சங்கீதா, திரும்பாமலே. "உள்ள ஒரு ஸ்க்ரூ வுழுந்து கெடந்துச்சி. நான்தான் கவனிக்கல."

எண்ணி எண்ணிப் போட்டவள்!

"இல்லண்ணா," என்றான் குமரகுரு. "அவ ஒரு தப்பும் பண்ணல. நான்தான் அவளுக்குத் தெரியாம உள்ள சரிகை கட்டினேன். அதையும் கண்டுபிடிச்சி அவளே சரி பண்ணிட்டா."

சிட்டிபாபு சிரித்தேவிட்டான். தேவேந்திரன் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த நோட்டைப் புரட்டி, வரிசையாக இருந்த டிக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ கெளம்புப்பா," என்றார் சிட்டிபாபுவிடம். "எங்க வூட்லயே ஆள் இருக்குது."

அவர்கள் போனதும் சங்கீதா கேட்டாள்: "பிளாஸ்டிக் சரிகை கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அசலையா போய் கட்டுவாங்க?"

"உனக்குப் போய் பிளாஸ்டிக் கட்டுவனா?"

சங்கீதா வெட்டி வைத்த மூன்று இழையை எடுத்து மேஜையின் மரக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கரையை வரையத் தொடங்கினாள்.