கதவுக்கு இந்தப் பக்கம்

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வான்கூவரில் ஒரு ஸ்டூடியோ. விண்கப்பல் தொடர் ஒன்றுக்கு ஆறு வருடமாகத் தொடர்ச்சி பார்ப்பவள் நான். போன காட்சியில் வலது கையில் இருந்த கோப்பை இந்தக் காட்சியில் இடது கைக்குத் தாவினால் விடமாட்டேன். அதனால் செட்டில் எனக்கு மாமியார் என்று பெயர்.

கேப்டனாக நடித்தவர் லோர்ன் மெக்காலி. சாப்பாட்டு வரிசையில்கூட அவரை கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். தொடரில் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை, யாரையும் கைவிட்டதில்லை. அன்றைய காட்சியில் கீழ்த்தளத்துக் கதவை அவர் வெளியிலிருந்து பூட்டவேண்டும். உள்ளே தொற்றுநோய் கண்டவர்கள், உயிரோடு. பூட்டாவிட்டால் கப்பலில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

"பூட்டிட்டு அழுங்க கேப்டன்," என்றார் தயாரிப்பாளர் மார்வின். "அழுதாத்தான் பாக்கறவங்க மன்னிப்பாங்க."

"அழுதா அவன் நல்லவனாயிடுவானா?" என்றார் லோர்ன்.

"டிவியில ஆயிடுவான். அழுகை வரலேன்னா சொல்லுங்க, கிளிசரின் இருக்கு."

லோர்ன் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே என்னிடம் வந்தார். "மாமியாரே, இந்தக் கேப்டன் நல்லவனா கெட்டவனா? உனக்குத் தெரியாதது ஏது?"

"சாவி எந்தக் கையிலன்னு கேளுங்க, சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா அவன் மனசு எனக்கு அத்துப்படி. இன்னைக்கு எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான். அவன் எப்படிப் பூட்டுவான்னு தெரியாம நான் எப்படிப் பூட்டறது?"

எனக்குப் பாவமாக இருந்தது. மார்வின் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் முகத்தை நெருக்கத்தில் எடுக்கும்போது, எதிரே பேசுபவர் காமிராவில் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நின்று தன் பங்கை நடித்துக் கொடுக்கவேண்டும். பெரிய நடிகர்கள் பலர் அதற்குள் அறைக்குப் போய்விடுவார்கள். லோர்ன் போனதில்லை. ஒருநாள் நடிக்க வந்தவனுக்கும் நின்றிருக்கிறார். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு அந்தக் கடமை கிடையாது, தங்கள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அன்றைக்குக் கதவைத் தட்டும் சத்தத்துக்கு ஒரு மரக்கட்டையும் ஓர் உதவியாளரும்தான் ஏற்பாடு.

ஆனால் கப்பலின் சமையல்காரியாக இத்தனை வருடம் வசனமே இல்லாமல் நின்ற டோரீன் யிப், நோயாளிகளாக நடித்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள்.

"வேலை முடிஞ்சாச்சே, போகலையாடி?" என்றேன்.

"நமக்கெல்லாம் நின்னு குடுத்த மனுஷன். அவருக்குக் கட்டையால தட்டினா நல்லாவா இருக்கும்?"

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொடரில் கப்பலின் ஒலிபெருக்கி அடிக்கடி கெட்டுப்போகும். எங்காவது மாட்டிக்கொண்டவர் தட்டுவார். வெளியிலிருந்து இரண்டு தட்டு தட்டினால் 'கேட்டது, வருகிறேன்' என்று அர்த்தம். இது செட்டுக்கு வெளியேயும் தொற்றிக்கொண்டது. ஒப்பனை அறையிலிருந்து கழிவறைவரை எங்கள் எல்லோருக்கும் அதுதான் பாஷை.

காமிரா ஓடியது. உள்ளே தட்டினார்கள். கட்டைச் சத்தம் இல்லை அது, மனிதக் கைகள். லோர்ன் முகம் வெளுத்தது. சாவியைத் திருப்பினார்.

அப்போது கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு பல்பு எரியவேண்டும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தவேண்டும். பல்பு எரியவில்லை. உள்ளே தட்டிக்கொண்டே இருந்தார்கள், இன்னும் பலமாக.

மார்வின் வாயைத் திறந்தார். இயக்குநர் இங்கிரிட் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

லோர்ன் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை மடக்கி, தூங்கும் குழந்தையின் அறைக் கதவைத் தட்டுவதுபோல், மெல்ல இரண்டு முறை தட்டினார்.

உள்ளே சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

அந்த முகத்தைக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது, அதனிடமிருந்து ஓடவேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருடத்தில் எந்த மனிதனையும் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

"கட்," என்றாள் இங்கிரிட். பக்கத்திலிருந்த எனக்கே அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"அது கருணையா, ஏமாத்தா?" மார்வின் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கேப்டன் பொய்யே சொல்ல மாட்டாரே. தொடர்ச்சி உதைக்குதா இல்லையா?"

நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் குற்றம் குற்றமே என்று நிற்பவள் நான். உதைக்கத்தான் செய்தது. "சாவி வலது கைதான்," என்றேன். "சரியா இருக்கு."

லோர்ன் பூட்டைத் திறந்தார். முதலில் டோரீன்தான் வந்தாள், தட்டித் தட்டிச் சிவந்த கையைத் தடவிக்கொண்டு.

"பல்பு எரியல. ஆனா அந்த ரெண்டு தட்டு கேட்டதும் கை தானா நின்னுடுச்சு," என்றாள். "அப்பாடா, கேப்டன் வந்துட்டார்னு இருந்துச்சு. சத்தியமா நிம்மதியா இருந்துச்சு."

லோர்ன் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார். அவர் கையிலிருந்த சாவியை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பூட்டினதே நீங்கதான்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு," என்றாள்.