மூடினால் போதாது

ஒரு நிறுவனத்தின் மானமும் அதை நம்பி வந்தவர்களின் நிம்மதியும் விழிப்பு என்ற ஒற்றைத் தூணின் மேல்தான் நிற்கின்றன. மனநல மருத்துவமனையின் தகவல் பாதுகாப்பு அதிகாரி இதை அன்று காலை நாற்பது ஊழியர்களுக்கு முன்னால் இரண்டு முறை சொன்னார். முதல் முறை யாரும் குறிப்பெடுக்கவில்லை என்பதால். பத்தரைக்குச் சொன்னார். பன்னிரண்டுக்கு, அதையே கிளை மருத்துவமனையில் சொல்லப் போகும் வழியில், மடிக்கணினிப் பையைப் பேருந்து இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினார்.

இருபதடி நடந்த பிறகுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. கணினி போனால் வேறு வாங்கலாம். அதற்குள், காலை உரையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால், மூவாயிரம் நோயாளிகளின் பட்டியல் திறந்தபடி கிடந்தது: யாருக்கு எந்த மாத்திரை, யார் எதற்காக அழுதார், எல்லாம் பேரும் முகவரியுமாக. மூடியைச் சாத்தினால் கணினி உறங்குமே தவிர அணையாது. யார் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். எழும்போது கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது அவர் உரையின் ஏழாம் பக்கம். இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கக் கடவுச்சொல்லைத் தட்டித் தடவி அடிப்பது கௌரவக் குறைச்சல் என்று, தன்னுடையதில் மட்டும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டிருந்தார். வேலை போய்விடும் என்று நினைத்தார். பட்டியலில் தன் மகளின் வகுப்பாசிரியையும் இருப்பது ஞாபகம் வந்ததும், வேலை இரண்டாம் கவலையாகிவிட்டது.

கால் மணி கழித்துக் கைபேசி அடித்தது.

"சார், பாதுகாப்பு அதிகாரி நீங்கதானா?"

"ஆமா... யாரு?"

"பஸ் கண்டக்டர். யாரோடதுன்னு பாக்கத் திறந்தேன், உங்க போட்டோ வந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க. கீழ நம்பரைப் போட்டு, சந்தேகம் இருந்தா கூப்பிடுங்கன்னு எழுதியிருந்துச்சு. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, கூப்பிட்டேன். இப்ப டிப்போவுக்குத்தான் போறோம், அங்க வந்து வாங்கிக்குங்க."

அதிகாரி டாக்ஸி பிடித்துப் பேருந்துப் பணிமனைக்கு ஓடினார். பொறுப்பாளர் அம்மாவின் மேசைமேல் பை இருந்தது. பக்கத்தில் கண்டக்டர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், கதவை ஒருக்களிச்சு வச்சிட்டு ஊருக்குப் போன மாதிரியில்ல இருக்கு?"

"எவ்வளவு... பாத்தீங்க?"

"உங்க போட்டோவுக்குப் பின்னால ஒரு பட்டியல். ரெண்டு வரி படிச்சேன், என்ன ஆஸ்பத்திரின்னு புரிஞ்சுபோச்சு. பட்டனை அழுத்திப் பிடிச்சு, அதுக்கு உயிர் போற வரைக்கும் விடல." டப்பாவை மூடிவிட்டுக் குரலை இறக்கினார். "என் வீட்டுக்காரிக்கும் ஒரு இடத்துல இப்படி ஒரு ஃபைல் இருக்கு சார்."

காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசியவர் கண்டக்டரின் ஈரக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஏழாம் பக்கத்தை எழுதியது தானாக இருக்கலாம்; படிக்காமலே அதன்படி நடந்தவர் இவர். அந்த ஆசிரியை இன்றும் வகுப்புக்குப் போய்ச் சாக்பீஸை எடுப்பாள், எதுவும் தெரியாமல். அதை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

"விடுங்க சார், கை வலிக்குது. பெரிய மனுசன் நீங்க போய்..."

"நீங்கதாங்க பெரிய மனுசன்," என்றார் அதிகாரி. வாழ்நாளில் அந்தப் பட்டத்தை அவர் இன்னொருவருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"கொஞ்சறதெல்லாம் அப்புறம்," என்றார் பொறுப்பாளர் அம்மா, பதிவேட்டைப் பிரித்து. "உங்களோடதுதான்னு நான் எழுதணும். திறந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

"இவருதாம்மா. போட்டோவுல இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தாரு, அவ்வளவுதான்."

"அந்தப் போட்டோவைத்தான் காட்டச் சொல்றேன்."

அதிகாரி நன்றி பொங்கும் முகத்தோடு பட்டனை அழுத்தினார். திரை வெளுத்தது. முழுசாக அணைத்த கணினி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் வந்து, அதற்குள் ஒரு சின்னக் கோடு மினுக்கியது. கண்டக்டர் நாகரிகமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தக் கணினியை அவர் பதினான்கு மாதமாக அணைத்ததே இல்லை. கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை.