கதவச் சாத்தல

பழனியாண்டி ஆயுசுக்கும் ஒரே ஒரு பாட்டுத்தான் கட்டினான். ஏழு வயசில் காய்ச்சல் கொண்டுபோன மகளை, "கதவச் சாத்தல, வந்துரு நிலுஷா" என்று கூப்பிடுகிற பாட்டு. றப்பர் மலையில் பால் வெட்டும்போது தானாக வாயில் வரும். பக்கத்து நிரையில் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

தொண்ணூற்றாறில் கரவனெல்லையில் கேசட் கடை வைத்திருந்த முஹ்ஸின் அதைக் கேட்டுக் கலங்கிப்போய், கொழும்புக் கம்பெனிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் காகிதத்தையும் பணத்தையும் சேர்த்தே நீட்டினார். பழனியாண்டி கையெழுத்துப் போட்டான், பணத்தைத் தொடவில்லை. செத்த பிள்ளையின் பாட்டுக்கு எந்தத் தகப்பன் காசு வாங்குவான்? காசு வாங்கினால்தானே விற்றதாகும் என்றும் நினைத்துக்கொண்டான், வெள்ளந்தி மனுஷன். பிள்ளையின் பேர் ஊரெல்லாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மகள் போனதிலிருந்து வாய் திறக்காத அவன் பெண்சாதி புஷ்பம், அன்றைக்குத்தான் பேசினாள். "ரேடியோவுல எம்புள்ள பேரு வருமாங்க?"

கேசட் வந்தது. கேகாலை பஸ்ஸில் வைத்துத்தான் முதலில் கேட்டான். யாரோ ஒரு பாட்டுக்காரன் பாடினான், அதே மெட்டு, அதே வரிகள். பேர் மட்டும் மல்லிகா.

பதறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடினான்.

"நிலுஷான்னா சிங்களப் பேரு மாதிரி இருக்காம், தமிழ் ஆக்கள் வாங்க மாட்டாங்களாம்" என்றான் முஹ்ஸின், தலையைத் தூக்காமல்.

"மாத்தச் சொல்லுங்க மொதலாளி. அது எம்பாட்டு."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டீங்களே அண்ணன். பாட்டு முழுக்க இப்ப அவங்களோடது. வரிய மாத்துற உரிமையும் அதுல இருக்கு."

"நான் சல்லி வாங்கலையே."

"சும்மா குடுத்தாலும் குடுத்ததுதான்."

முஹ்ஸின் அழுதுவிடுவான் போலிருந்தான். அவன் அழுது என்ன ஆகப்போகிறது?

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், கோயில் ஸ்பீக்கரில். தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள்கூட மல்லிகாவைக் கூப்பிட்டு விளையாடின. அந்தச் சத்தம் கேட்டாலே புஷ்பம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மகளின் திதி வந்தது. படத்துக்கு விளக்கேற்றி, அவளுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டுப் புஷ்பம் சொன்னாள்: "நம்ம பாட்ட நீங்க பாடுங்க. நம்ம வூட்டுக்குள்ள பாடுனா யாரு கேக்கப்போறா."

பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். நெஞ்சு வலிக்க வலிக்கப் பாடினான். பேர் வருகிற இடத்தில் குரல் தடுக்கவே இல்லை. புஷ்பத்தின் விசும்பல் சட்டென்று நின்றபோதுதான், தன் வாயிலிருந்து எந்தப் பேர் வந்தது என்று அவனுக்கே தெரிந்தது.

புஷ்பம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.